சனிக்கிழமைக்கு எழுதி வைத்த மீன்

...இல்லை, அவளாகத்தான் இருக்கும், வேறு யாருக்கு என் ப்ளாக்குக்குள் நுழைந்து ஆகவேண்டிய காரியம் இருக்கிறது, அதுவும் திருவொற்றியூரிலிருந்து. 'புதிய கருவி ஒன்றில் உங்கள் கணக்கு திறக்கப்பட்டுள்ளது, இடம் திருவொற்றியூர், இது நீங்கள்தானா?' நான் இல்லையப்பா. நான் அந்த நேரத்தில் வியாசர்பாடியில் அடுப்பு முன்னால் நின்று மகளுக்குத் தக்காளி சாதம் கட்டிக்கொண்டிருந்தேன், போன் சத்தமில்லாமல் பீரோ மேலே கிடந்தது, மகிழினியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து எடுத்துச் சத்தத்தைத் திறந்து பார்த்தால் இந்த மின்னஞ்சல், அதற்கு மேலே, எனக்கு மீன் சேதி சொல்கிற வினிதா கூப்பிட்டு நான் எடுக்காமல் போன அழைப்புகள், ஒன்றா இரண்டா, வரிசையாக... எதற்கு இத்தனை தடவை கூப்பிட்டாள்? திருடினவள் எதற்குக் கூப்பிட வேண்டும்? கதை கட்டத்தான். "அக்கா, தெரியாம கை பட்டிச்சிக்கா" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் நான் நம்பிவிடுவேன் என்று நினைப்பு. நான் திருப்பிக் கூப்பிடவில்லை. போனில் பொய் சொல்வது சுலபம், நேரில் போய் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க வேண்டும், அப்போதுதான் மாட்டுவாள்... துணிகூட மாற்றவில்லை, ஷேர் ஆட்டோ பிடித்துக் கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன், கும்மிடிப்பூண்டி வண்டி எப்போது என்று கேட்டால் பக்கத்தில் நின்ற பெண்மணி "வர்றப்போ வரும்மா, இன்னா அவசரம்" என்கிறாள், அவள் கண்ணும் என் போன் மேலேயே இருப்பதுபோல இருக்கிறது, திரையை நெஞ்சோடு திருப்பிக்கொள்கிறேன்.

வண்டி வந்தது, ஜன்னலோரம் கிடைத்தது, கிடைத்து என்ன, வெளியே பார்க்கவா முடிகிறது... மூன்று ப்ளாக் நடத்துகிறேன் என்றால் சிரிப்பார்கள். அரசு வேலை அறிவிப்புக்கு ஒன்று. மாடித் தோட்டத்துக்கு ஒன்று, எங்கள் ஹவுசிங் போர்டில் மொட்டை மாடிச் சாவி எப்போதும் வேறு யார் இடுப்பிலோ இருக்கும், என் தோட்டம் ஜன்னல் கம்பியில் தொங்கும் பெயின்ட் டப்பாவும் அதிலுள்ள புதினாவும்தான், அதுவும் பாதி காய்ந்துவிட்டது. மூன்றாவதுதான் சோறு போடுவது, 'இன்னிக்கி இன்னா மீனு'. ஞாயிறு தவிர தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு போஸ்ட், திருவொற்றியூர் மீனவர் குப்பத்தில் இன்றைக்கு என்ன மீன் கரைக்கு வந்தது, எதை வாங்கலாம், எப்படி ஆய்வது, எப்படிக் குழம்பு வைப்பது, நடுவில் தேசப்பன் அண்ணன் சொன்னது ஒரு வரி. தேசப்பன் என்றால் வினிதாவின் அப்பா, அவள் நைனா என்பாள், ஃபைபர் படகுக்காரர், படிக்கிறவர்களுக்கு மீனைவிட அவர்மேல்தான் பிரியம், அமெரிக்காவிலிருந்துகூட "அண்ணன் நல்லா இருக்காரா" என்று கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர் அசோகனுக்குக் கன்டெய்னர் யார்டில் ஒரு மாசம் வேலை உண்டு, ஒரு மாசம் கிடையாது, வீடு ஓடுவது இந்த ப்ளாக்கில்தான், இது போனால்... போனால் என்ன, யோசிக்கவே வேண்டாம். முதல் வருஷம் நான் இருட்டோடு எழுந்து குப்பத்துக்கே போய்விடுவேன், மணலில் நின்று படம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து எழுதி, வீட்டுக்கு ஓடி, மற்ற இரண்டையும் எழுதி, கமென்ட்டுக்கெல்லாம் பதில் போட்டு, கண் எரிந்து, கை மரத்து, ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் தடாலென்று விழுந்தேன், முழித்துப் பார்த்தால் யாரோ முகத்தில் சோடா தெளிக்கிறார்கள், நான் கேட்ட முதல் கேள்வி "என் போன் எங்கே" என்பதாம், அசோகன் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அந்த ஆன்லைன் வகுப்பு, பர்ன் அவுட் ஆகாமல் ப்ளாக் நடத்துவது எப்படி, ஒரு சார் கோட்டு போட்டுக்கொண்டு திரைக்குள்ளிருந்து சொன்னார், வாரம் முழுவதற்கும் ஒரே நாளில் எழுதி ஷெட்யூல் பண்ணிவிடுங்கள், அது தானாக வெளியே போகும், காலையில் போனைத் தொடாதீர்கள், கமென்ட்டை வாரம் ஒருமுறை பாருங்கள், எழுதி முடித்ததைத் திரும்பிப் படிக்காதீர்கள், சின்ன வேலைகளை நம்பிக்கையான ஒருவரிடம் விடுங்கள். சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் செய்தேன், தலைவலி போனது, தூக்கம் வந்தது. கடைசி ஒன்றுதான்... நம்பிக்கையான ஒருவர். அப்படி ஒருத்தி என்றுதானே வினிதாவைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் சொல்வாள், "இந்த வாரம் சங்கரா ஓட்டம் கீதுக்கா, காரப்பொடி வரும், வவ்வாலு கொறச்சல்தான்", அவ்வளவு போதும் எனக்கு, ஞாயிறு மதியம் உட்கார்ந்து திங்களிலிருந்து சனி வரைக்கும் மீனை எழுதிவிடுவேன். ஒரு வாரத்துக்குள் கடல் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது? யாருக்குத் தெரியும்? யாருக்கு நஷ்டம்?

தண்டையார்பேட்டை தாண்டி வண்டி நின்றுவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டி குறுக்கே போகிறது, ஒன்றன்பின் ஒன்றாகக் கன்டெய்னர்கள், நீலம், துருப்பிடித்த சிவப்பு, மறுபடி நீலம், முடிகிற வழியாகத் தெரியவில்லை, பெட்டிக்குள் காற்று இல்லை, எங்கிருந்தோ அந்த வாடை வருகிறது, கம்பெனி வாடையா சாக்கடையா என்று இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை, முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவதோடு சரி. தீபன்! அவனை எப்படி மறந்தேன்? வினிதாவின் அண்ணன், கம்ப்யூட்டர் படித்தவன், மணலியில் ஏதோ கம்பெனியில் இருக்கிறான், போன தடவை குப்பத்துக்குப் போனபோது என்ன கேட்டான்? "இதுல எவ்ளோ பேரு படிக்கிறாங்கோ, அத எங்கக்கா பாக்குறது?" வெகுளியாகக் கேட்டதுபோலத்தான் இருந்தது, வெகுளியாகவா கேட்டான்? நானும் பல்லைக் காட்டிக்கொண்டு காட்டினேனே, லூசு மாதிரி, இங்கே பார், இங்கே வரும் என்று... அடுத்த வாரமே இன்னொரு பக்கம் முளைத்தது, 'கரைக்கு வந்த மீன்' என்று பெயர், என்னுடைய அதே நிறம், அதே நெத்திலி அவியல், நான் உப்பு போட மறந்த இடத்தில் அவர்களும் உப்பு போட மறந்திருந்தார்கள். யார் நடத்துகிறார்கள் என்று போடவில்லை. இப்போது புரிகிறதா எழில்மொழி? மீன் அவர்களுடையது, படகு அவர்களுடையது, அப்பன் அவர்களுடைய அப்பன், நடுவில் நீ யார் என்று அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள், பேசாமல் இருப்பார்களா, நானாக இருந்தால் பேசியிருப்பேன். கணக்கைத் திறந்தேன், பணம் வந்து விழுகிற வங்கிக் கணக்கை முதலில் பார்த்தேன், அப்படியே இருக்கிறது, மாற்றவில்லை, ஏன் மாற்றவில்லை, நாளைக்கு மாற்றலாம் என்று விட்டிருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினேன். 'மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா?' வெளியேற்று. எல்லாரையும் வெளியேற்று. போய்த் தொலையட்டும். அழுத்தின அடுத்த நிமிஷமே போன் அடிக்கிறது, 'வினிதா மீனு', பார்த்தாயா, உடனே தெரிந்துவிட்டது, கதவைச் சாத்தினதும் உள்ளேயிருந்த திருடி எப்படிப் பதறுகிறாள் பார், அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும், எதிர் சீட்டுக்காரர் "போன் அடிக்குதும்மா" என்கிறார், தெரியும் சார், எனக்குக் காது கேட்கும்.

என்னைப் பற்றி அசோகன் என்ன சொல்வார் என்று தெரியும். "உனுக்கு யார் மேலதான் நம்பிக்க கீது சொல்லு? நைட்ல கேஸ மூடினியான்னு ஒங்கையவே நம்பாம எய்ந்து போய் பாக்குற ஆளு நீயி." வேடிக்கையாகத்தான் சொல்வார். நான் எழுந்து போய்ப் பார்க்கிறதால்தான் வீடு எரியாமல் இருக்கிறது, அதை யார் சொல்வது. போன மாசம் இவரே கேட்டார், "அந்தப் பாஸ்வேர்ட எனுக்காவது சொல்லி வையேன்மே, நாள பின்ன உனுக்கு ஒன்னுனா நான் இன்னா பண்ணுவேன்", நான் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. எனக்கு ஒன்றென்றால் என்ன? ஏன் அப்படி ஒரு யோசனை வந்தது? யார் சொல்லிக் கொடுத்தது? பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான்... நல்ல எண்ணத்தில்தானா? இந்த ப்ளாக்கை என்னிடமிருந்து யார் வாங்க நினைத்தாலும் கொடுக்கமாட்டேன், அசோகனே ஆனாலும், புத்தரே நேரில் வந்து கேட்டாலும். ஆனால் ஒன்று இடிக்கிறது, வினிதாவுக்குப் பாஸ்வேர்ட் எப்படித் தெரிந்தது? நான் யாருக்கும் சொன்னதில்லை. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. பின்னால் நின்று பார்த்திருப்பாளோ, மணலில் உட்கார்ந்து டைப் பண்ணும்போது என் தோளுக்குப் பின்னால்தானே எப்போதும் நிற்பாள், தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, "நீ எவ்ளோ வேகமா அடிக்கிறக்கா" என்று... வேகத்தையா பார்த்தாள்? கூட்ஸ் போய்விட்டது. வண்டி அசைகிறது.

திருவொற்றியூரில் இறங்கி எக்ஸ்பிரஸ் சாலைக்கு ஷேர் ஆட்டோ, மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேர், வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் எறும்பு மாதிரி நிற்கின்றன, டிரைவர்கள் இறங்கி வண்டி நிழலில் பல் துலக்குகிறார்கள். என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது? "நல்லா கீறியா வினிதா" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, சும்மா வந்தேன் என்று சொல்லி, போனைக் கொஞ்சம் குடு என்று வாங்கி... கொடுப்பாளா? கொடுக்காவிட்டால் அதுவே போதுமே. இல்லை, நேராகவே கேட்டுவிடலாம், அவள் அம்மா குணசுந்தரி எதிரிலேயே கேட்கலாம், அந்த அம்மாள் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், நியாயம் தெரிந்தவள், "இன்னாடி கலீஜ் வேல இது" என்று அவளே மகளை நாலு வார்த்தை கேட்பாள். தேசப்பன் அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார், வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் எப்போது என்ன சொன்னார்... ஆட்டோ குலுங்குகிறது, போனைப் பார்க்கிறேன், இன்றைக்குப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டுகிற கோடு, அது என்ன இப்படி எகிறுகிறது? புதன்கிழமையில்? சாதாரணச் சங்கரா குழம்புக்கு இவ்வளவு பேரா? கமென்ட்டும் குவிந்து கிடக்கிறது. ஏதோ செய்திருக்கிறாள். விளம்பரத்தை மாற்றினாளா, எல்லாரையும் அந்த இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிவிட்டாளா, கமென்ட்டைத் திறக்கலாமா... வேண்டாம், ஞாயிற்றுக்கிழமைதான் கமென்ட், அந்த விதியையும் இன்றைக்கு உடைத்தால் மறுபடி பழைய பைத்தியம் பிடிக்கும், போன் மறுபடி அடிக்கிறது, வினிதா மீனு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கூடைக்காரி என்னையே பார்க்கிறாள், நான் அதை அமுக்கிப் பைக்குள் போட்டேன்.

குப்பத்துத் திருப்பத்தில் இறங்கினதும் முதலில் தோன்றியது, கடல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று. அப்புறம்தான் புரிந்தது, அதில் ஒன்றுமே இல்லை. ஒரு படகு இல்லை. எல்லாம் மணலில் வரிசையாக ஏற்றிக் கிடக்கின்றன, வலைகள் சுருட்டியபடி, மோட்டார்மேல் சாக்கு போர்த்தியபடி, தடைக்காலம் இல்லை, புயல் எச்சரிக்கை இல்லை, ஐஸ் உடைக்கிற சத்தம் இல்லை. எனக்குத் தெரியும் இது என்ன என்று. நானே எழுதியிருக்கிறேன், முதல் வருஷத்தில், உண்மையாகவே இங்கே வந்து பார்த்து எழுதின காலத்தில், குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள், பகையாளி வீட்டுச் சாவு என்றாலும் படகு இறங்காது என்று. யாரோ போய்விட்டார்கள். யாரோ வயசானவர்கள். ஐயோ, அப்படியானால் ஆறு மணிக்கு 'படகுகள் நிறைந்து வந்தன' என்று போயிருக்குமே என் போஸ்ட், இந்த ஊர்க்காரர்கள் படித்தால் காறித் துப்புவார்களே, அதனால்தான் அத்தனை கமென்ட்டா, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டாளா, சொல்லத்தான் என்றால் எதற்கு உள்ளே நுழைந்தாள்... தெரு முனையில் ஷாமியானா போடுகிறார்கள், மேளக்காரர்கள் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றுகிறார்கள், மின்கம்பத்தில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறான் ஒருவன், முதுகைப் பார்த்தே தெரிகிறது, தீபன், கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டுகிறான், ஃப்ளெக்ஸ் காற்றில் மடங்கி மடங்கி விரிகிறது, கண்ணீர் அஞ்சலி, ஒரு முகம், சிரிக்கிற முகம், கையில் பெரிய வஞ்சிரம், அதை நான் எடுத்தேன், அது என் படம், ஓரத்தில் வெள்ளை எழுத்தில் 'இன்னிக்கி இன்னா மீனு' என்று என் முத்திரைகூட அப்படியே இருக்கிறது, என்னைக் கேட்காமல் என் படத்தை எடுத்து... சத்தியமாகச் சொல்கிறேன், அதுதான் முதலில் தோன்றியது. என்னைக் கேட்காமல். அதற்கு அப்புறம்தான் அது யார் முகம் என்று பார்த்தேன். சீ, நான் என்ன பிறவி.

படகு ஒன்றின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, என் ப்ளாக்கை, நானே நடத்துகிற என் ப்ளாக்கை, யாரோ ஒருத்தி மாதிரித் திறந்து படித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் எழுதின போஸ்ட் அங்கே இல்லை. தேசப்பன் அண்ணன் படகு கரை தொட்டது, கூடை நிறையச் சங்கரா, அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார் என்று நான் எழுதின எதுவும் இல்லை. தலைப்பு மட்டும் விட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரே வரி, "இன்னிக்கி எங்க குப்பத்துல யாரும் தொழிலுக்குப் போகல." அவ்வளவுதான். கீழே முழுக்கக் கமென்ட், யாருக்கு என்ன ஆச்சு, யாரு, சொல்லுங்க யாரு, அண்ணன் நல்லா இருக்காருல்ல? ஒருத்தரும் திட்டவில்லை.

வினிதா வாசலில் இல்லை, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் அருகே நின்றிருந்தாள், தலை அவிழ்ந்து கிடந்தது, முகம் வீங்கியிருந்தது, உள்ளே குணசுந்தரியின் குரல் ஏறி ஏறி இறங்கியது, என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா பூட்டாருக்கா." "வெடிகாலம் வலைய தூக்கினு கெளம்புனாரு, நெஞ்ச வலிக்குதுன்னு மணல்லயே குந்திட்டாரு... நீ போன எட்க்கவே இல்லியேக்கா, எத்தினி வாட்டி போட்டேன்." சைலண்டில் இருந்தது என்றேன். ரயிலில் அடித்தபோதும் ஆட்டோவில் அடித்தபோதும் சைலண்டில் இல்லை, ஆனாலும் அப்படித்தான் வாயில் வந்தது, அவள் சொல்வாள் என்று நான் தேடி வந்த பொய்யை நான் சொன்னேன், அவள் அப்படியே நம்பினாள், தலையை ஆட்டினாள், என் கையை விடவில்லை. "மஸ்கட்டுல கீற சின்னப்பா ஆறு மணிக்கு போன் போட்டு, இன்னா வினிதா, நைனா இன்னிக்கி செம்ம வேட்டையாமேன்னு சிரிக்கிறாரு. போஸ்ட்ட பட்ச்சிட்டு. எங்க வூட்ல பொணம் கெடக்குது, அவரு சிரிக்கிறாருக்கா. அதான் நீயும் எட்க்கலன்னு நானே உள்ள போயி மாத்திட்டேன், தீபன் போன்லர்ந்து. தப்பா எட்த்துக்காத." பாஸ்வேர்ட், என்றேன். அந்த நேரத்தில், அந்த இடத்தில், உள்ளே அவர் கிடக்கும்போது, என் வாய் அதைத்தான் கேட்டது. அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதான குட்த்த? ஜுரத்துல படுத்துனு கீறப்போ, எனுக்கு ஒன்னுனா நீ பாத்துக்கோ வினிதான்னு சொன்னியே... ஞாபகம் இல்லியா?" இல்லை. ஜுரம் ஞாபகம் இருக்கிறது, அசோகன் நெற்றியில் துணி நனைத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. அசோகனுக்குக் கொடுக்காததை இவளுக்கா கொடுத்தேன்? கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்கலாம். பொய் சொல்கிற முகமா இது?

யாரோ பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவளும் அழுதாள், அவர்கள் உள்ளே போனதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி என்னிடம் வந்தாள், பாதியில் விட்ட வேலை ஒன்றைச் சொல்லி முடிக்க வந்தவள்போல. "நாளிக்கி போஸ்ட்டு, நாளான்னிக்கி போஸ்ட்டு, ரெண்டுலயும் நைனா பேர எட்த்துட்டேங்கா. ஆளுங்க வந்துனே இருந்தாங்க, வுட்டு வுட்டு செஞ்சேன். அதுக்குள்ள இன்னாவோ, அது என்னிய வெளிய தள்ளிடிச்சி. திரும்ப உள்ள வுடவே மாட்டேங்குது. அதுக்குத்தான் உனுக்கு போட்டுனே இருந்தேன்." என் போனைக் கண்ணால் காட்டினாள். "சனிக்கெயமைல நைனா இன்னும் கடலுக்குப் போறாருக்கா. அத நீயே பாத்துக்கோ. என்னால முடில." தள்ளிவிட்டது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "புது பாஸ்வேர்ட் சொல்லட்டுமா" என்றுதான் வந்தது. "எனுக்கு எதுக்குக்கா இப்போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகச் சொன்னாளா, அழுகையில் சொன்னாளா, தெரிந்துகொண்டுதான் சொன்னாளா... பறை ஆரம்பித்துவிட்டது.

சனிக்கிழமையைத் திறக்கிறேன். ஷாமியானாவுக்குள் பிளாஸ்டிக் நாற்காலி, என் மடியில் போன். 'கடல் கலங்கிக் கிடந்தாலும் தேசப்பன் அண்ணன் முகத்தில் கலக்கமில்லை. கானாங்கெளுத்தியைத் தட்டில் கொட்டிக்கொண்டே சொன்னார், கடல் ஒருநாளும் பொய் சொல்லாது தாயி.' தாயியா? இந்தக் கரையில் யார் யாரைத் தாயி என்று கூப்பிடுகிறார்கள்? எங்கிருந்து எடுத்தேன் இதை? இதற்கு முந்தைய வாரம் என்ன சொல்ல வைத்தேன், அதற்கு முந்தைய வாரம்? 'அண்ணன் சொன்னது சத்தியம்' என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், எதைச் சத்தியம் என்றார்கள், வாயில்லாத மனுஷன், வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் போய் நின்றால் நிமிர்ந்து பார்ப்பார், ஒரே ஒரு வார்த்தை... வினிதாவுக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் படித்தாளே, நைனா இப்படிச் சொன்னதே இல்லை என்று அவளுக்குத் தெரியாதா, ஏன் ஒருநாள்கூடக் கேட்கவில்லை, என்னை நம்பினாளா, இல்லை அப்படிப் பேசுகிற அப்பாவை அவளுக்கும் பிடித்திருந்ததா? அழிக்கிற குறிமேல் விரலை வைத்திருக்கிறேன். யாரோ ஒரு பெரியவர் தட்டோடு வந்து பேப்பர் கப்பை நீட்டுகிறார், "டீ சாப்டும்மா." வாங்கிக்கொள்கிறேன். அதேதான், ஆமாம், அதேதான், தேசப்பன் அண்ணன் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான், எப்போது போனாலும், டீ சாப்புட்றியாம்மா, அவ்வளவுதான், அதை நான் ஒரு போஸ்ட்டிலும் போட்டதில்லை, அது ஒன்றுதான் உண்மையாக அவர்... கப் சுடுகிறது, இன்னொரு கையில் போன், சனிக்கிழமை இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் அப்படித்தான் கேட்பாரா? நிச்சயமாகவா? இல்லை, இந்தப் பெரியவர் இப்போது கேட்டதை எடுத்து அவர் வாயில் வைக்கிறேனா, மறுபடியும்...